ஒத்தைக்கைச் சுத்து

சவாரி முடிந்து பரிசல் கரை தட்டிய பிறகு, அந்த வெள்ளைக்காரன் எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டான்.

யாகப்பனுக்கு அது விளங்கவில்லை. கூட வந்திருந்த ராஜாமணி இரண்டு தரம் எடுத்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. ராஜாமணி பெங்களூரில் ஒரு டூர் கம்பெனியில் கைடு. தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் அவன் வாயில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். வெள்ளைக்காரன் கிரீஸ் தேசத்துக்காரன், பெயர் நிக்கோஸ். அந்தத் தேசத்துக் கடலில் ஒரு தீவு. அங்கே விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சாகச விளையாட்டுக் காட்டுவது அவன் தொழில். அக்டோபரோடு அங்கே சீசன் முடிந்துவிடுமாம். அடுத்த வருஷத்துக்குப் புதிதாக என்ன காட்டலாம் என்று தேடிக்கொண்டுதான் ஒகேனக்கல் வரைக்கும் வந்திருந்தான். எண்பத்தாறாம் வருஷம், நவம்பர் முதல் தேதி, சனிக்கிழமை.

ஆரம்பிப்பதாவது! இப்போதுதான் அந்த ஆளை இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே, இந்தப் பக்கம் ஒரு சாண் அந்தப் பக்கம் ஒரு சாண் இடம் விட்டு, இழுத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர்மேல் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறான் யாகப்பன். அந்த இடுக்கில் போன மாசம் இரண்டு பரிசல் கிழிந்திருக்கிறது. வேறு யாராவது துடுப்புப் பிடித்திருந்தால் அந்த ஆளின் கேமராவும் அதைச் சுமந்த தோளும் இந்நேரம் மேட்டூர் அணைக்குப் பாதி வழியில் இருக்கும். யாகப்பன் கையில் பரிசல் தொட்டில் மாதிரி போய்வந்தது. அதுதான் அவன் பெருமை. இருபத்தெட்டு வருஷத்தில் அவன் பரிசலில் ஏறின எவருக்கும், ஆபத்து என்று ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே தெரியாது. அந்தப் பெருமைதான் இன்றைக்கு அவன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது. நிக்கோஸ் பாதி வழியிலேயே கொட்டாவி விட்டான்.

அவன் கொட்டாவி விட்டதில் யாகப்பனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். யாகப்பனுக்கு அந்தத் தீவில் வேலை வேண்டும். தனக்காக இல்லை, பெண்டாட்டிக்காக.

மிக்கேலம்மாள் அவர்கள் ஊரான ஊட்டமலையிலிருந்து தினமும் காலையில் கஞ்சி குடித்துவிட்டு ஆற்றங்கரைக்கு வருவாள். ஆட்டுக்கல் என்று ஒரு சுழி இருக்கிறது. அதற்கு நேரே உள்ள பாறையில் உட்காருவாள். கடைசிப் பரிசல் கரையேறும்வரை அங்கேதான். அழமாட்டாள், யாரையும் கூப்பிடமாட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்து நாலாம் வருஷம் ஆடிப் பதினெட்டன்று, அவர்களுடைய ஒரே மகன் சின்னப்பராஜ் அந்தச் சுழியில் போனான். பத்தொன்பது வயது. பரிசலில் இருந்த நாலு பெங்களூர்ப் பையன்களையும் உயிரோடு தூக்கிவிட்டார்கள். துடுப்புப் பிடித்தவன் கிடைக்கவில்லை. மேட்டூர் வரைக்கும் எட்டு நாள் தேடினார்கள். சட்டை கூட அகப்படவில்லை.

"கீழ தேடுனாங்க, கீழ தேடுனாங்கன்னு சொல்றீங்களே, இங்க பாறைக்கு அடியில யாரு தேடுனாங்க?" என்று அவள் கேட்டாள். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் அவளே இறங்கினாள். பாறை இடுக்கு ஒவ்வொன்றிலும் கையை விட்டுத் துழாவினாள். அடுத்த சித்திரையிலும் இறங்கினாள். விரல் நகமெல்லாம் பெயர்ந்து போயிற்று. இனி அடுத்த சித்திரைக்குக் காத்திருந்தாள்.

யாகப்பன் சும்மா இருக்கவில்லை. அவளை ஆற்றை விட்டுப் பிரித்துவிட வேண்டும் என்று பாப்பாரப்பட்டிப் பக்கம் தங்கச்சி சாலம்மாள் வூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மச்சான் காட்டில் மண்வெட்டி பிடித்தான். நாலாம் நாள் அவளைக் காணோம். பஸ் பிடித்து வந்து தன் பாறையில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டியில் கூடை தூக்கினான். பதினாறு நாள் இருந்தாள். பதினேழாம் நாள் பாலக்கோடு, தர்மபுரி, பென்னாகரம் என்று மூன்று பஸ் மாறித் திரும்பிவிட்டாள். எங்கே போனாலும் அங்கிருந்து ஒரு பஸ் இருக்கிறது என்பதுதான் கஷ்டம். பஸ் வராத ஊர் ஒன்று வேண்டும் என்று யாகப்பன் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான், பத்து நாளைக்கு முன்னால், ராஜாமணி தனியாக வந்து விஷயத்தைச் சொன்னான். மே மாசம் தொடங்கி அக்டோபர் வரைக்கும் அந்தத் தீவில் பரிசல் விடணும். அலை அடிக்காத ஒரு குடா இருக்கிறது. அதில் ஓரிடத்தில் பாறைக்கு நடுவே நீரோட்டமும் உண்டு. மூங்கில் பிளந்து பரிசல் கட்டவும் தெரிந்த ஆளாக வேண்டும். சம்சாரத்தையும் கூட்டி வரலாம், நிக்கோஸின் விடுதிச் சமையல்கட்டில் ஆள் தேவை. பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பிடித்துப்போனால் அங்கேயே வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். யாகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஊருக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில் எத்தனை கடல் இருக்கும் என்று ஒன்றைத்தான் அவன் கேட்டான். ராஜாமணி சிரித்துவிட்டு, நிறைய என்றான்.

போகும்போது வழவழப்பான புத்தகம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். அந்தத் தீவின் விளையாட்டெல்லாம் அதில் கலர் படமாக இருந்தது. ஒருத்தி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தன் பெரிய குடைத்துணியில் தொங்கிக்கொண்டு வானத்தில் இருந்தான். கீழே ஒரு மோட்டார் படகு அவனைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒல்லியான படகுகளில் ஆளுக்கொரு துடுப்போடு குகைக்குள் நுழைந்தார்கள். மலை இடுக்கில் மூட்டை கட்டிக்கொண்டு நடந்தார்கள். கழுதைமேல் ஏறி மலை உச்சிக்குப் போனார்கள். ஒரு கிழவன், அறுபது வயசுக்குக் குறையாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து கடலில் குதித்துக்கொண்டிருந்தான். உயிரைக் கொடுக்க இத்தனை வழி வைத்திருக்கிறார்களே, அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு.

யாகப்பன் அதை மிக்கேலம்மாள் பக்கத்தில் பாறையிலேயே வைத்தான். அவள் தொடுவாள் என்று அவன் நினைக்கவில்லை. காற்றுக்குப் பக்கம் தானாகப் புரண்டது. ஒரு படத்தில் அவள் கை வைத்து நிறுத்தினாள். சின்னப் படகு ஒன்று கடலில் நின்றது. தண்ணீர் அத்தனை தெளிவு, படகின் நிழல் அடி மணலில் விழுந்திருந்தது. மணலில் கிடந்த கூழாங்கல்லைக் கூட எண்ணிவிடலாம்.

"அடி தெரியுது," என்றாள் மிக்கேலம்மாள்.

அவன் தாள் புரளாதபடி மறு ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டான். பேசினால் கலைந்துவிடுமோ என்று பயம்.

"இந்தத் தண்ணியில எது விழுந்தாலும் பாத்து எடுத்துரலாம் இல்லீங்களா?"

"எடுத்துரலாம்," என்றான்.

அவள் அந்தத் தாளை மட்டும் புத்தகத்திலிருந்து பிரித்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, "போலாங்க," என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் ஒரு காரியத்துக்குச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. யாகப்பன் பரிசல் மறைவில் போய் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

இப்போது தெரிகிறதா, அந்தக் கொட்டாவி எவ்வளவு பெரியது என்று.

"அவரு ஊர்ல சனங்க பயப்படணும்னுதான் வர்றாங்க," என்றான் ராஜாமணி, மர நிழலில் உட்கார்ந்துகொண்டு. "கத்தணும். கத்திட்டுச் சிரிக்கணும். நீங்க என்னடான்னா தாலாட்டித் தூங்க வைக்கறீங்க. இங்க யாரோ பரிசல பம்பரமாட்டம் சுத்துவாங்களாமே? அதக் காட்டுங்க. நாளைக்கு ஒரு தடவ பாப்பாராம். அதும் இப்படின்னா வேற ஊரப் பாத்துக்கறேங்கறாரு."

பயப்படுவதற்கென்று ஏரோப்பிளேன் ஏறி வருகிறார்களாம். ஊட்டமலைக்கு வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், பயம் இலவசமாகவே கிடைக்கும் என்று மனசுக்குள் திட்டினான். திட்டி என்ன செய்ய?

பம்பரமாகச் சுற்றுகிற அந்தக் காரியத்துக்கு ஒத்தைக்கைச் சுத்து என்று பெயர். ஆட்டுக்கல் சுழியின் ஓரத்தில் பரிசலை விட்டு, எழுந்து நின்று, துடுப்பின் தலையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் தள்ளணும். தண்ணீரே பரிசலைச் சுற்றும். மூன்று சுற்று. நாலாவது சுற்று தொடங்கும்முன் துடுப்பை ஒரே அறையாக அறைந்து நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடணும். நாலாவதைத் தொட்டால் சுழி உள்ளே இழுத்துவிடும். ஆடிப் பதினெட்டன்று கரை நிறையக் கூட்டம். பெங்களூர்ப் பையன்கள் இன்னொரு சுத்து, இன்னொரு சுத்து என்று கத்தினார்கள். சின்னப்பராஜ் மூன்றோடு நிறுத்தினான், துடுப்பைத் தலைக்குமேல் நேராகத் தூக்கிப் பிடித்தான், அதிலிருந்து வழிந்த தண்ணீர் அவன் தலையில் கொட்டியது. கூட்டம் கைதட்டியது. கைதட்டலைக் கேட்டு அவன் மறுபடியும் ஓரத்துக்கு விட்டான். வறுத்த மீன் சட்டியோடு கரையில் உட்கார்ந்திருந்த மிக்கேலம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். அன்றைக்குக் கவிழ்ந்த மீன் சட்டிதான், அப்புறம் அதை அவள் அடுப்பில் ஏற்றவில்லை.

தேடுவதை நிறுத்திய அன்று அவள் ஒரு கேள்வி கேட்டாள். இந்த வித்தையை என் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கூட்டத்தில் யாரோ குப்புராஜின் பேரைச் சொன்னார்கள். குப்புராஜும் பரிசல்காரன்தான், துடுக்கு ஆள், பாட்டுப் பாடிக்கொண்டு பரிசலை ஆட்டுகிறவன். மிக்கேலம்மாள் யாகப்பனைப் பார்த்தாள். யாகப்பன் தலையை ஆட்டினான். வாயைத் திறந்து ஆமாம் என்று கூடச் சொல்லவில்லை, ஆட்டினான், அவ்வளவுதான். அன்றிலிருந்து குப்புராஜ் பரிசலைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அவள் மண்ணை வாரித் தூற்றினாள். அவன் பிள்ளை குட்டிகளைச் சேர்த்துச் சபித்தாள்.

சொல்லிக் கொடுத்தது யாகப்பன். வேறு யார்? பையனுக்குப் பதினைந்து வயசு, சித்திரை மாசம், தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல், சவாரி இல்லாத மத்தியானம். தன் அப்பன் கொஞ்சம் உசத்தியான ஆள் என்று பையன் நினைக்கட்டும் என்ற ஒரு சின்ன ஆசை. எழுந்து நின்று சுற்றிக் காட்டினான். கடைசியில் துடுப்பைத் தூக்கித் தலையில் தண்ணீர் கொட்டிக்கொள்வதையும் காட்டினான். அது வித்தையில் சேர்த்தி இல்லை, யாகப்பனுடைய சொந்தக் குசும்பு. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கு எதிர்ப்பாறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த குப்புராஜ் அதைப் பார்த்தான். பார்த்தும் இரண்டு வருஷமாக மண்ணைத் தலையில் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தான்.

ஆற்றில் முறை என்று ஒன்று உண்டு. அவனவன் முறை வந்தால்தான் சவாரி. ராஜாவே வந்தாலும் முறையைத் தாண்டி ஏற்றக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முதல் முறை குப்புராஜுடையது. சனிக்கிழமை மத்தியானம் யாகப்பன் துறையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் குப்புராஜே பக்கத்தில் வந்து நின்றான்.

"நாளைக்கு என் முறைய நீங்க எடுத்துக்கங்கண்ணா," என்றான். "அண்ணிய எங்கியாச்சும் கூட்டிக்கிட்டுப் போயிருங்க. அவங்கள அந்தப் பாறை மேல பாக்க முடியல."

யாகப்பன் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் சரி என்றான்.

இனி ஒன்றுதான் பாக்கி. சுற்றும்போது அவள் அந்தப் பாறையில் இருக்கக் கூடாது. அதற்கு ஒரு வழி தானாகவே வந்தது. மறுநாள் கல்லறைத் திருநாள். செத்தவர்களுக்குப் பூசை வைத்து, சாயங்காலம் கல்லறைகளை மந்திரித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அண்ணன் குடும்பத்தைக் கூப்பிடச் சாலம்மாளே வந்திருந்தாள். அவ்வளவு தூர தேசம் போகிறோமே, அங்கே இருக்கிற உன் மாமியார் மாமனார் கல்லறையில் ஒரு வர்த்தி வைத்துவிட்டு வா என்று யாகப்பன் சொன்னான். நான் போய்விட்டால் இங்கே யார் பார்ப்பார்கள் என்று கேட்பாளோ என்று பயந்தான். கேட்கவில்லை. மஞ்சள் துணிப்பையில் ஒரு புடவையை வைத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏறும்போது, "அந்தச் சமையலுக்கு நம்ம ஊரு மொளகாப்பொடி எடுத்துக்கிட்டுப் போலாங்களா?" என்று கேட்டாள். யாகப்பன் ஒரு மூட்டையே எடுத்துப்போகலாம் என்றான். பஸ் மேட்டில் ஏறி மறைகிறவரை நின்றிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கே பரிசல் தயார். புதுசாகத் தார் பூசியிருந்தான். ஆனால் மேகம் மூட்டம் போட்டிருந்தது. படத்துக்கு வெளிச்சம் போதாது என்று நிக்கோஸ் கரையில் உட்கார்ந்துவிட்டான். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. சாயங்காலம் வரைக்கும் அவள் வரமாட்டாள் என்ற தெம்பில் யாகப்பன் அவசரப்படுத்தவில்லை. பதினொன்றுக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்தது.

நிக்கோஸும் ராஜாமணியும் ஏறினார்கள். யாகப்பன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தள்ளினான். ஆட்டுக்கல் நெருங்கியது. இரண்டு வருஷமாக அந்தச் சுழிக்கு அவன் பரிசலைக் கொண்டுபோனதில்லை. சுற்றிக்கொண்டே போயிருக்கிறான். மகன் படுத்திருக்கிற இடத்தின்மேல் ஏறி மிதிக்கிற மாதிரி இருந்தது. மன்னிச்சுக்கடா சாமி, உங்கம்மாளுக்காகத்தான் என்று வாய்க்குள் சொன்னான். எழுந்து நின்றான். துடுப்பை அக்குளில் இடுக்கினான்.

மறந்திருக்கும் என்று நினைத்தான். கை மறக்கவில்லை. முதல் சுற்றில் பாறை, மரம், கரை எல்லாம் மெதுவாக நகர்ந்தன. இரண்டாவதில் கலங்கின. ராஜாமணி பரிசல் விளிம்பைக் கட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். நிக்கோஸ் கேமராவை அணைத்துக்கொண்டு அலறினான்; அலறல் பாதியிலேயே சிரிப்பாக மாறியது. மூன்றாவது முடிகிற இடத்தில் யாகப்பன் ஓங்கி ஒரு அறை அறைந்தான். பரிசல் ஆணி அடித்தது மாதிரி நின்றது. அவன் நினைத்துச் செய்யவில்லை, கர்த்தர்மேல் ஆணையாக நினைத்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் துடுப்பைத் தலைக்குமேல் தூக்கியது. தண்ணீர் வழிந்து அவன் உச்சந்தலையில் கொட்டியது.

கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பாறையில் மிக்கேலம்மாள் நின்றிருந்தாள். கையில் மஞ்சள் பை இருந்தது.

அவள் ஏன் வந்தாள் என்பதைச் சாலம்மாள் அப்புறம் சொன்னாள். காலைப் பூசைக்குமுன், சாமியாருக்குத் துணையாக இருக்கிற கோயில் உபதேசியார் செத்தவர்கள் பேரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார், பூசையில் வாசிப்பதற்கு. சாலம்மாள் தன் அப்பன் பேர், அம்மா பேர் சொல்லிவிட்டு, சின்னப்பராஜ் என்றும் சொன்னாள். செய்யக்கூடாத காரியம் இல்லை, யாராக இருந்தாலும் சொல்லத்தான் சொல்வார்கள். மிக்கேலம்மாள் உபதேசியார் கையிலிருந்து பேனாவை வாங்கி அந்தப் பேரை அடித்துவிட்டு எழுந்து நடந்தாள். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. பாப்பாரப்பட்டியில் பஸ் உடனே கிடைத்தது. நமக்கு வேண்டாதபோது பஸ் நிமிஷத்தில் வரும்.

யாகப்பன் பரிசலைக் கரைக்குக் கொண்டுவந்தான். எப்படிக் கொண்டுவந்தான் என்று அவனைக் கேட்டால் தெரியாது. நிக்கோஸ் குதித்து இறங்கி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், முதுகில் தட்டினான், ஏதேதோ சொன்னான். யாகப்பன் மரம் மாதிரி நின்றான். மிக்கேலம்மாள் பாறையிலிருந்து இறங்கி வந்தாள். நேரே அவன் முன்னால் வந்து நின்றாள். கோபம் இல்லை, குரல் ஏறவும் இல்லை.

"கடைசியில துடுப்பத் தூக்கறது," என்றாள். "அதும் நீ சொல்லிக் குடுத்ததா?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருந்தது. ஆனால் தலையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்போது எந்த வாயால் சொல்வது?

"ஆமா," என்றான்.

இருபத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவனை, பக்கத்து ஊர் ஆளை அடையாளம் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். பிறகு துறையில் கவிழ்த்திருந்த பரிசல்களுக்கு நடுவே போனாள். பீடியை அவசரமாகக் கீழே போட்டுவிட்டுக் குப்புராஜ் எழுந்து நின்றான். வழக்கம்போல மண் வரும் என்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டான்.

"உன் வூட்டுக் கொழந்தைங்கள எல்லாம் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் குப்புராஜு," என்றாள் அவள். "நீ ஏன் சொல்லல?"

குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டு, சொல்லி என்னாவப்போவுது அண்ணி என்றான். அவள் அவன் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துறையில் இருந்த பரிசல்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் யாகப்பன் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் அவள் திரும்பி வந்து இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். நாலாக மடித்த இடத்தில் படம் வெளுத்துப் போயிருந்தது. அதை யாகப்பன் கையில் வைத்தாள்.

"அடி தெரியற தண்ணிக்கு நீ போ," என்றாள். "எம்புள்ள இங்க இருக்கறான்."

"மிக்கேலு," என்றான் அவன்.

"நீ இங்க இருந்தீன்னா நான் ஆத்தப் பாக்க முடியாது. உன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். போயிரு."

அவள் பாறையில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினாள்.

ராஜாமணிக்கு இதெல்லாம் பாதி புரிந்தும் புரியாமலும் இருந்தது. அவன் சட்டை இன்னும் உலரவில்லை. ஆனால் வேலை முடிந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. மர நிழலில் தோல் பையை முட்டியில் வைத்து ஒரு விண்ணப்பப் பாரத்தை விரித்தான். ஏப்ரல் கடைசியில் பிளைட்டு, அதற்குள் பாஸ்போர்ட்டு வந்துவிடும் என்றான். அப்பா பேர், பிறந்த வருஷம், ஊர் எல்லாம் கேட்டு எழுதினான். யாகப்பன் சொல்லிக்கொண்டே வந்தான். மாட்டேன் என்று சொல்லலாம் என்று நினைத்தான். சொன்னால் நாளைக் காலையில் இதே துறைக்கு வரணும், அந்தப் பாறைக்கு எதிரே நிற்கணும். போயிரு என்று அவள் சொன்ன ஒரு வார்த்தையைக் கூடக் கேட்காதவனாக நிற்கணும்.

"சம்சாரம் பேரு?" என்றான் ராஜாமணி.

யாகப்பன் பாறைப் பக்கம் பார்த்தான். அங்கிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது.

"அதை அடிச்சிருங்க சார். நான் மட்டுந்தான்."

ராஜாமணி அந்த வரியில் ஒரு கோடு இழுத்தான். யாகப்பன் பள்ளிக்கூடத்தில் கற்ற கோணல் எழுத்தில் கையெழுத்துப் போட்டான். நிக்கோஸ் மறுபடியும் ஏதோ சொல்லி, விரலால் காற்றில் மூன்று வட்டம் போட்டு, கையை நேராகத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"அந்தச் சுத்துதான் அவருக்கு முக்கியமாம்," என்றான் ராஜாமணி. "ஒவ்வொரு சவாரியிலும் அது இருக்கணுங்கறாரு. கடைசியில துடுப்பத் தூக்குனீங்களே, அதும்."

"ஒரு நாளைக்கு எத்தினி சவாரி சார்?"

ராஜாமணி வெள்ளைக்காரனைக் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

"ஆறு."